பெயரை மாற்றிக்கொண்ட பிள்ளைகள்: ஃபேன்டஸி கதைகளில் வேடமும் தன்னை அறிதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு? கதைகளின் முடிவையும் சொல்லிவிடுவீர்களா?

ஃபேன்டஸி நாவல்களை விழுந்து விழுந்து படிக்கும் இளையவர்களுக்கு. அவர்கள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று அக்கறையோடு பார்க்கும் பெற்றோருக்கு. இப்படி ஒரு கதை எழுதலாமா என்று யோசிப்பவர்களுக்கும்தான். வேறு பெயரில், வேறு உடையில், சில சமயம் வேறு உடம்பிலேயே வாழ நேரும் சிறுவர் சிறுமியரைப் பற்றி இங்கே பேசுகிறோம். வேடம் கலையும் இடத்தில்தான் இந்தக் கதைகளின் உயிர் இருக்கிறது, ஆகவே முடிவைத் தொடாமல் பேச வழியில்லை. ஒரு புத்தகத்தைப் படிக்க எடுத்து வைத்திருந்தால் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏன் இத்தனை கதைகளில் பிள்ளைகள் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள்?

கதை நடத்த வசதி என்பது முதல் காரணம். உள்ளே விடமாட்டேன் என்கிற இடத்துக்குள் ஒரு பெண் நுழைய வேண்டும். கொல்லத் தேடுகிறவர்களிடமிருந்து ஒரு வாரிசு தப்ப வேண்டும். பெயரை மாற்றினால் இரண்டும் நடக்கும், எப்போது பிடிபடுவார்களோ என்ற படபடப்பும் பக்கத்துக்குப் பக்கம் கூடவே வரும்.

அதற்குக் கீழே இன்னொரு காரணம் இருக்கிறது. வயதுக்கு வருதல், திருமணம், துறவு போன்ற சடங்குகளை ஆராய்ந்த ஆர்னால்ட் வான் ஜென்னப், 1909-ல் வெளிவந்த தன் நூலில் அவற்றில் மூன்று கட்டங்களைக் காட்டினார். பழைய இடத்திலிருந்து பிரிதல், இடையில் நிற்றல், புதிய இடத்தில் சேர்தல். இடையில் நிற்பவருக்குப் பழைய இடமும் கிடையாது, புதிய இடமும் இன்னும் கிடைக்கவில்லை. வேடமிட்ட பிள்ளை வாழ்வது அந்த நடுப்பகுதியில்தான். சடங்கில் சில நாட்களில் கடந்துபோவதை, இந்தக் கதைகள் நானூறு பக்கம் நின்று பார்க்கின்றன.

‘அடையாள நெருக்கடி’ என்ற கருத்தைப் பரவலாக்கிய உளவியலாளர் எரிக் எரிக்சன், இளம்பருவத்துக்கு ஓர் அவகாசம் வேண்டும் என்றார். இதுதான் நான் என்று முடிவு கட்டிவிடாமல் பலவிதமாக இருந்து பார்க்கும் காலம் அது. பெற்ற தந்தை யாரென்று தெரியாமல், மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரோடு வளர்ந்தவர் அவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன், அதாவது எரிக்கின் மகன், என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். அவர் சொன்ன அவகாசத்தை வீடும் பள்ளியும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தருவதில்லை. கதையில் வேடம் அதைத் தருகிறது.

வேடம் என்றாலே பொய்தானே? பொய்யாக வாழ்ந்து ஒருவர் தன்னை எப்படிக் கண்டுகொள்வார்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முதலில் எடுத்து வைப்பது டமோரா பியர்ஸ் எழுதிய அலானாவின் கதையை. 1983-ல் தொடங்கி 1988-ல் முடிந்த நான்கு நூல்கள். பெரியவர்களுக்கான ஒரே நாவலாக முதலில் எழுதியதை, பிறகு இளையோருக்காக நான்காகப் பிரித்து மாற்றி எழுதினார்.

ட்ரெபாண்ட் பிரபுவுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகன் தாமை வீரப் பயிற்சிக்காக அரண்மனைக்கும், மகள் அலானாவைக் கன்னியர் மடத்துக்கும் அனுப்ப அவர் முடிவு செய்கிறார். தாமுக்கு வேண்டியது மந்திரக் கல்வி, அலானாவுக்கு வேண்டியது வாள். இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். முடியை வெட்டிக்கொண்டு, ஆலன் என்ற பையனாக அலானா அரண்மனைக்குப் போகிறாள்.

இதில் எது பொய்? பெயரும் பாலும் மட்டும்தான். பயிற்சிக் களத்தில் வாங்கும் அடி உண்மை. தன்னை விடாமல் துன்புறுத்தும் ரேலன் என்ற பையனை எதிர்க்க, திருடர்களின் தலைவன் ஜார்ஜிடம் போய்க் கைச்சண்டை கற்றுக்கொள்வதும் உண்மை. ஆனால் அவனை அடித்து வீழ்த்திய பிறகும் அவள் மனம் நிறையவில்லை. பையன் வேடத்தில் இருக்கும் ஒரு பெண்தானே நான், என்ன செய்தாலும் இவர்களுக்குச் சமம் என்று என்னால் நம்ப முடியுமா என்று குமைகிறாள். ஊர் நம்பிவிட்டது. அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. எனக்கு இந்த இடம் முழு நாவலையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

அவள் மறைப்பது பெண் என்பதை மட்டுமல்ல. பிறவியிலேயே வந்த மந்திர சக்தியும் குணப்படுத்தும் ஆற்றலும் அவளிடம் இருக்கின்றன. அவற்றுக்கு அவள் பயப்படுகிறாள், வாளே போதும் என்று ஒதுக்கி வைக்கிறாள். தலைநகரில் கொள்ளைக் காய்ச்சல் பரவி இளவரசன் ஜொனாதன் சாகக் கிடக்கும்போது, அந்த ஆற்றலை வெளியே எடுக்காமல் இருக்க முடியவில்லை. ஊருக்கு எதிரே போட்ட வேடம் ஒன்று, தனக்கே எதிரே போட்டுக்கொண்ட வேடம் இன்னொன்று. இரண்டாவது கலைவதுதான் கடினம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஆலனாக வாழ்ந்த பிறகு, பெண்ணாக உடுத்தவும் நடக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஜார்ஜின் தாயிடம் ரகசியமாகப் போய் அதைக் கற்றுக்கொள்கிறாள். ‘அசல்’ என்று நாம் நினைத்ததையும் பழகித்தான் அடைய வேண்டியிருக்கிறது. ஆலன் பொய், அலானா நிஜம் என்று பிரித்துவிட்டால் இந்தக் கதையே கைநழுவிப் போகும். கடைசியில் நிற்கிறவள், ஆலனாக வாழ்ந்ததால் உருவான அலானா.

‘எர்த்ஸீ’ நாவல்களில் எல்லோருக்கும் இரண்டு பெயர். அதையும் வேடம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அங்கே கணக்கு தலைகீழ். உர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய முதல் எர்த்ஸீ நாவலில், பொருட்களின் மெய்ப்பெயர் தெரிந்தவருக்கு அவற்றின் மீது அதிகாரம் கிடைக்கும். ஆகவே மெய்ப்பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. ஊரில் புழங்குவது அழைப்புப் பெயர். கோண்ட் தீவின் ஆட்டுக்காரச் சிறுவனுக்குத் தாய் வைத்த பெயர் டியூனி. காட்டுப் பறவைகள் அவன் குரலுக்கு இறங்கி வருவதைப் பார்த்த பிள்ளைகள் அவனை ஸ்பேரோஹாக் என்று ஒரு வேட்டைப் பறவையின் பெயரால் கூப்பிடுகிறார்கள். 13 வயதில் ஓகியன் என்ற மந்திரவாதி அவனுக்குக் கொடுக்கும் மெய்ப்பெயர் கெட்.

இங்கே பெயரை மறைப்பது ஏமாற்றாகாது. அது நாகரிகம், தற்காப்பும்கூட. எல்லோரும் மறைப்பதால், ஒருவரிடம் அதைச் சொல்வது மிகப் பெரிய கொடை ஆகிவிடுகிறது.

ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் படிக்கும்போது, இன்னொரு மாணவனோடு ஏற்பட்ட போட்டியில், செத்தவளின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று கெட் கிளம்புகிறான். அந்தப் பிளவு வழியாக ஒரு நிழல் புகுந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிழைத்தெழுந்தவனிடம் பழைய திமிர் இல்லை, பேச்சும் குறைந்துவிட்டது. அந்த நிலையில் அவனைப் பார்க்க வரும் நண்பன் வெட்ச், எதையும் கேட்காமல் தன் மெய்ப்பெயரை முதலில் சொல்கிறான்: எஸ்டாரியல். பதிலுக்குக் கெட் தன் பெயரைச் சொல்கிறான். ஒரு பையன் வாழ்க்கையில் அடிமட்டத்தில் கிடக்கும்போது, என் உயிரை உன் கையில் தருகிறேன் என்று இன்னொரு பையன் வந்து சொல்வது இது. நட்பைப் பற்றி இளையோர் இலக்கியத்தில் இதற்கு இணையான காட்சியை நான் படித்ததில்லை.

கடைசியில் கெட் அந்த நிழலைக் கடலின் எல்லையில் எதிர்கொள்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். நிழலின் பெயரும் கெட்தான். ஓகியன் கொடுத்த பெயரை அவன் முழுதாகப் பெற்றுக்கொள்வது அப்போதுதான்.

லெ குவினின் குடும்பத்தில் பெயர் சொல்லாத ஒருவரின் நினைவு இருந்தது. 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அருகே, தன் இனத்தார் எல்லோரையும் இழந்த யாஹி பழங்குடி மனிதர் ஒருவர் வெளியே வந்தார். அவர்கள் வழக்கப்படி தன் பெயரைத் தானே சொல்லக்கூடாது. அவருடைய மொழியில் மனிதன் என்று பொருள்படும் ‘இஷி’ என்ற பெயரால் அவரை அழைத்தவர் மானுடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர், லெ குவினின் தந்தை. 1916-ல் இறக்கும்வரை இஷி தன் பெயரைச் சொல்லவே இல்லை. அவரைப் பற்றி 1961-ல் வந்த நூலை எழுதியவர் தியோடோரா க்ரோபர், லெ குவினின் தாய். எர்த்ஸீ இதிலிருந்துதான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இஷியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எர்த்ஸீயைப் படித்தால், பெயர் வரும் இடங்களில் எல்லாம் மனம் நின்று போகிறது.

பெயரை அவர்களாக மாற்றவில்லை, மற்றவர்கள் பறித்துவிட்டார்கள் என்றால்?

அப்போது கதையின் திசையே மாறிவிடும். அலானா புதிதாக ஒன்றைத் தேடிப் போகிறாள். பெயர் பறிபோனவர்களோ இருந்ததை மறக்காமல் இருக்கப் போராட வேண்டும்.

எர்த்ஸீயின் இரண்டாவது நாவலில் தெனார் என்ற சிறுமியைச் சுமார் ஐந்து வயதில் வீட்டிலிருந்து அழைத்துப்போய், இறந்த தலைமைப் பூசாரியின் மறுபிறவி என்று சொல்லி, இருண்ட கல்லறைகளுக்குக் காவலாக வைக்கிறார்கள். அவள் பெயர் அர்ஹா ஆகிவிடுகிறது, விழுங்கப்பட்டவள் என்று அர்த்தம். அவளுக்கு அதிகாரம் உண்டு, மரியாதை உண்டு, கொல்லச் சொல்லும் உரிமைகூட உண்டு. இல்லாதது தெனார் மட்டும். சுரங்கப் பாதைகளுக்குள் சிக்கிய கெட் அவளைப் பழைய பெயரால் அழைத்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ அசைகிறது. விடுதலை அவளுக்கு இன்பமாக வரவில்லை என்பதையும் லெ குவின் நேர்மையாக எழுதுகிறார். தன் பெயர் திரும்பக் கிடைத்தவளுக்குத் தான் செய்த கொடுமைகளும் தன்னுடையவை ஆகிவிடுகின்றன, அவள் அழுகிறாள்.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 2001-ஆம் ஆண்டு அனிமேஷன் படமான ‘ஸ்பிரிட்டட் அவே’யில் பத்து வயது சிஹிரோ ஆவிகளின் குளியல் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளி யுபாபா ஒப்பந்தத்தில் இருந்த பெயரிலிருந்து எழுத்துகளை உருவி எடுத்துவிட்டு, இனி நீ சென் என்கிறாள். ஒரே இரவில் அந்தக் குழந்தை தன் பெயரை மறக்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே அவளுக்கு உதவும் ஹாகு என்ற சிறுவன் அவளுடைய பழைய துணிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குள் தோழிகள் எழுதிய பிரிவு அட்டை இருக்கிறது, அதைப் படித்துத்தான் தன் பெயரை நினைவுக்குக் கொண்டுவருகிறாள். ஆனால் சென் என்ற பெயரில் அவள் செய்த வேலை வீண் இல்லை. தரையைத் துடைத்ததும், நாற்றமெடுத்த நதி தேவதையைக் குளிப்பாட்டியதும்தான் அந்தச் சிணுங்கும் குழந்தையை நிமிர்த்துகின்றன. பறித்துக் கொடுத்த பெயருக்குள்ளும் ஒருவர் வளர முடியும் என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மந்திரத்தால் உருவமே மாறிவிடும் கதைகளும் இதில் சேருமா?

சேரும். டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதிய ‘ஹௌலின் நகரும் கோட்டை’ இந்த வகையில் தலைசிறந்தது. தொப்பிக் கடைக்காரரின் மூத்த மகள் சோஃபி. மூத்த பிள்ளைக்கு எதுவும் விளங்காது என்று கதைகளில் படித்ததை நம்பி, கடையின் மூலையில் ஊசியும் நூலுமாக அடங்கிக் கிடக்கிறாள். ஒரு சூனியக்காரி சாபமிட, கிழவியாகிவிடுகிறாள். ஆனவுடன் வாய் திறந்துவிடுகிறது! ஊர் நடுங்கும் மந்திரவாதி ஹௌலின் வீட்டுக்குள் புகுந்து, நான்தான் இங்கே சுத்தம் செய்ய வந்தவள் என்று அதிகாரம் பண்ணுகிறாள். 18 வயதுப் பெண்ணுக்கு ஊர் தராத சுதந்திரம் கிழவிக்குக் கிடைக்கிறது. நம் தெருக்களிலும் பாட்டிகள் பேசுவதைக் குமரிகள் பேச முடியாதே.

சாபத்தை எடுக்கத் தான் முயன்றதாகவும், எடுபடாததைப் பார்த்து அவளுக்கே இந்த வேடம் பிடித்திருக்கிறது போலும் என்று நினைத்ததாகவும் ஹௌல் பிற்பாடு சொல்கிறான். அவள் தங்கைகள் லெட்டியும் மார்த்தாவும்கூட, மாற்றாந்தாய் பார்த்து வைத்த வேலைகள் பொருந்தாமல், மந்திரத்தால் முகம் மாற்றி இடம் மாறியவர்கள். ஹௌலுக்கே ஊருக்கு ஒரு பெயர். இத்தனை வேடங்கள் இருந்தும் குழப்பம் வராததற்குக் காரணம், ஒவ்வொருவரும் எதிலிருந்து ஒளிகிறார்கள் என்பது ஆசிரியருக்குத் துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான்.

ஹாரி பாட்டரில் உருமாற்றும் பானம் வருகிறதே?

வருகிறது. இரண்டாவது நூலில் ஹாரியும் ரானும் கிராப், கோயல் ஆகியோரின் உருவில் எதிரணி விடுதிக்குள் போகிறார்கள். ஒரு மணி நேரத்தில் வேடம் கலைந்துவிடுகிறது. அது உளவு வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் ஹாரி தன்னைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை.

நம் பழங்கதைகளில் இப்படி உண்டா?

மகாபாரதத்தின் விராட பருவம் முழுக்க இதுதான். நம் ஊர்களில் மழை வேண்டிக்கூட அதைப் படிக்கும் வழக்கம் உண்டு. பதின்மூன்றாம் ஆண்டை யாரும் அறியாமல் கழிக்க வேண்டிய பாண்டவர்கள், தருமன் கங்கனாகவும் அர்ச்சுனன் பிருகன்னளையாகவும் திரௌபதி சைரந்திரியாகவும் விராட மன்னனிடம் வேலைக்குச் சேர்கிறார்கள். வெளிப்பெயருக்குக் கீழே, தங்களுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொள்ள ஐந்து ரகசியப் பெயர்களையும் வைத்துக்கொள்கிறார்கள் என்று வியாச பாரதம் சொல்கிறது.

ஆனால் பாண்டவர்கள் பெரியவர்கள், தாங்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். இந்தப் பருவத்தில் தன்னை அறிகிறவன் இளவரசன் உத்தரன். கௌரவர்கள் பசுக்களைக் கவர்ந்துபோன செய்தி வரும்போது, நல்ல தேரோட்டி கிடைத்தால் தனியாகவே மீட்டு வருவேன் என்று அந்தப்புரத்தில் வாய்ச்சவடால் அடிக்கிறான். பிருகன்னளை தேரோட்டுகிறாள். கௌரவ சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். வீரன் என்ற அவன் வேடம் அங்கே கிழிகிறது. ஓடியவனைப் பிடித்திழுத்து வந்து, வன்னி மரத்தில் ஒளித்து வைத்த ஆயுதங்களை எடுக்கச் சொல்லும்போது பிருகன்னளையின் வேடமும் கலைகிறது. நீ அர்ச்சுனன்தான் என்றால் அவனுடைய பத்துப் பெயர்களையும் சொல், அந்தப் பெயர்கள் ஏன் வந்தன என்றும் சொல் என்று கேட்கிறான் பையன். பற்குணன், கிரீடி, விசயன், தனஞ்சயன் என்று காரணத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன.

அதற்குப் பிறகு உத்தரன் தேரோட்டியாக உட்காருகிறான், போர் முடியும்வரை ஓடவில்லை. ஊர் திரும்பியதும் மகனின் வெற்றி என்று அப்பா பூரிக்கும்போது, வென்றது நான் இல்லை, ஒரு தேவகுமாரன் என்கிறான். காலையில் சவடால் அடித்தவன் மாலையில் அடுத்தவரின் வெற்றியைத் தனதாக்க மறுக்கிறான், அடுத்தவரின் ரகசியத்தையும் காக்கிறான். இளையோருக்காக யாராவது இந்தப் பையன் பார்வையில் ஒரு நாவல் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வேடம் கலையும் காட்சிதானே உச்சம்? நீங்கள் ஏன் முதலில் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையே பார்க்கிறீர்கள்?

சபை நடுவே வேடம் கலைவது பெரும்பாலும் விபத்து. அலானாவுக்கு எதிரியின் வாள் மார்புக் கட்டை அறுக்கும்போது கலைகிறது. அதில் அவள் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. ஆனால் முதல் முறை மாதவிலக்கு வந்து, சாகப் போகிறோம் என்று பயந்தவள், உதவி கேட்டு ஜார்ஜிடம் போய் உண்மையைச் சொல்கிறாளே, அது அவள் எடுத்த முடிவு. அரண்மனையில் இருக்கும் உயர்குல நண்பர்களை விட்டுவிட்டு ஒரு திருடனை நம்புகிறாள். யாரை நம்பினாள் என்பதில் அவள் யாராக ஆகிவிட்டாள் என்பது தெரிந்துவிடுகிறது.

ஆர்யா ஸ்டார்க்கும் அப்படித்தான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில், இரண்டாவது நூலில் (1998) ஆரி என்ற பையனாக வடக்கு நோக்கி நடக்கும்போது, நீ பெண் என்று கண்டுபிடித்த கொல்லன் கெண்ட்ரியிடம் தன் பெயரைச் சொல்கிறாள். குலப் பெருமையை விட்டு, உடன் நடந்தவனை நம்புகிறாள்.

சொல்ல ஆளே இல்லாமல் போவதுதான் கொடுமை. கிரிம் சகோதரர்கள் 1815-ல் அச்சிட்ட ‘வாத்து மேய்க்கும் பெண்’ கதையில் பணிப்பெண் இளவரசியின் இடத்தைப் பறித்துக்கொண்டு, உயிருள்ள யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிடுகிறாள். கிழ ராஜா, மனிதரிடம் சொல்ல முடியாவிட்டால் இந்த இரும்பு அடுப்பிடம் சொல் என்கிறார். அவள் அதற்குள் நுழைந்து அழுது கொட்டுகிறாள், அவர் குழாய் வழியாகக் கேட்டுக்கொள்கிறார். சத்தியமும் மீறப்படவில்லை, அவளும் தனியாக இல்லை. ஷானன் ஹேல் 2003-ல் இதே கதையை நாவலாக்கினார். அரண்மனையில் நாலு பேர் முன் வாய் திறக்கத் திணறிய இளவரசி, வாத்து மேய்க்கும் ஈசியாக இருக்கும்போதுதான் காற்றின் மொழியைக் கேட்கக் கற்கிறாள்.

பெண் ஆண் வேடமிடும் கதை பழசாகிவிடவில்லையா? திருநர் வாசகர்களுக்கு இதில் இடம் உண்டா?

அந்த வேடத்தின் தேவை எங்கெல்லாம் குறைகிறதோ அங்கெல்லாம் கதை மாறத்தான் வேண்டும். பியர்ஸே அதைச் செய்தார். 1999-ல் தொடங்கிய அடுத்த வரிசையில், அதே நாட்டில், கெலட்ரி என்ற பெண் பெண்ணாகவே வீரப் பயிற்சிக்கு வருகிறாள். சட்டம் அனுமதித்தும், பையன்களுக்கு இல்லாத ஓராண்டுத் தகுதிச் சோதனை அவளுக்கு மட்டும் விதிக்கப்படுகிறது. மறைக்க எதுவும் இல்லாதவளின் போராட்டம் வேறு மாதிரிக் கடினம்.

திருநர் வாசகர்கள் அலானாவில் தங்களைக் கண்டிருக்கிறார்கள். இன்றைய சொல்லில் அவளை நிலையான ஒரே பாலுக்குள் அடங்காதவள் என்று சொல்லலாம் எனப் பியர்ஸும் பின்னாளில் கூறியிருக்கிறார். ஒன்றை மட்டும் கவனமாகப் பிரிக்க வேண்டும். வேடம் என்பது கழற்றினால் பழைய ஆள் வெளியே வரும் என்ற எதிர்பார்ப்போடு வருவது. ஒரு திருநங்கையோ திருநம்பியோ தேர்ந்துகொள்ளும் பெயர் அப்படிப்பட்டதில்லை, பிறப்பில் கிடைத்த பெயரைச் சுமந்த காலம்தான் அவர்களுக்கு வேடம். நம்மிடம் சிகண்டி இருக்கிறார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வளர்க்கப்பட்டு, ஓர் இயக்கனோடு பால் மாற்றிக்கொண்டவர். அவரை வெறும் தந்திரமாகச் சுருக்கிச் சொல்லும் மேடைகளைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது.

வேடமே பழகிப்போய் சொந்த முகம் தொலைந்துவிட்டால்?

ஆர்யாவின் கதை கேட்கும் கேள்வி இதுதான். பிராவோஸ் நகரத்துக் கொலைகாரர் மடத்தில் சேர்ந்தால் ‘யாருமில்லை’ என்று ஆக வேண்டும். தன்னிடம் இருப்பதையெல்லாம் கால்வாயில் எறிந்துவிடுகிறாள். அண்ணன் ஜான் கொடுத்த சிறு வாளை மட்டும் எறிய முடியாமல் படிக்கட்டின் கல்லுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். தொலைந்துபோன வீடும் உடன்பிறந்தவர்களும் அந்த வாளில்தான் மிச்சம். அந்தச் சிறுமிக்குத் தன்னைக் கண்டுகொள்ள வேடம் கிடைக்கவில்லை, துக்கத்தை உணராமல் இருக்கத்தான் கிடைத்தது. எல்லா வேடத்தையும் வளர்ச்சி என்று கொண்டாடக்கூடாது என்பதற்கு இவள் சாட்சி. நாவல் வரிசை இன்னும் முடியவில்லை.

பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ (2006) நாவலின் வின் இதற்கு நேர் எதிர். தெருவில் அடிபட்டு, எல்லோரும் துரோகம் செய்வார்கள் என்று அண்ணன் ஓதியதையே நம்பி வளர்ந்த 16 வயதுத் திருடி, உளவுக்காக வலெட் என்ற பிரபு குலப் பெண்ணாக விருந்துகளுக்குப் போகிறாள். பட்டாடையும் நடனமும் தனக்குப் பிடித்துப்போவதை உணர்ந்து குற்றவுணர்வில் தவிக்கிறாள். வலெட்டும் நான்தானோ என்ற சந்தேகம் அவளை விடுவதில்லை.

இப்படி ஒரு கதை எழுத ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், கதைசொல்லி அந்தப் பிள்ளையை எந்தப் பெயரால் குறிப்பிடப்போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள். பலர் இதைத் தற்செயலாக விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஆலன் என்று கூப்பிட்டாலும் பியர்ஸின் உரைநடை கடைசிவரை அலானா, ‘அவள்’ என்றே சொல்கிறது. வாசகர் ரகசியத்தின் பங்காளி ஆகிவிடுகிறார். லெ குவினின் உரைநடை அர்ஹா என்றே சொல்லிவந்து, அவள் தன் பெயரை ஏற்ற பிறகுதான் தெனாருக்கு மாறுகிறது. மார்ட்டின் அத்தியாயத் தலைப்புகளையே மாற்றுகிறார். ‘ஆர்யா’ என்றிருந்த தலைப்பு ‘கால்வாய்ப் பூனை’, ‘குருட்டுப் பெண்’ என்றாகிறது, அவள் அக்கா சான்சாவின் தலைப்பு ‘அலெய்ன்’ ஆகிறது. தமிழில் வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். வந்தான் என்பதா, வந்தாள் என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும், தப்பிக்க முடியாது.

அடுத்து, உடம்பை மறக்காதீர்கள். எங்கே குளிப்பாள், எங்கே தூங்குவாள், காயத்துக்கு யார் மருந்து போடுவார், குரல் உடைய வேண்டிய வயதில் என்ன செய்வாள்? வேடத்தின் பயம் இந்தச் சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது.

ஏமாந்தவர்களுக்கும் இடம் கொடுங்கள். உண்மை தெரிந்ததும் எல்லா நண்பர்களும் ஒரே பக்கத்தில் மன்னித்துவிடுவதாக எழுதினால் நம்ப முடியாது. கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. கடைசியாக, இளவரசி மீண்டும் இளவரசி ஆனாள் என்று முடிப்பதாக இருந்தால், வாத்து மேய்த்த காலத்திலிருந்து அவள் எதைச் சிம்மாசனத்துக்குக் கொண்டுபோனாள் என்று எழுதுங்கள். எதுவுமே இல்லையென்றால் அந்த வேடம் கதைக்குத் தேவைப்படவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்? எந்த வயதுக்கு எது?

பத்து வயதுக்கு முன்னால் சிஹிரோவின் படத்தைப் பெரியவர்கள் கூட உட்கார்ந்து பார்க்கலாம். பெற்றோர் பன்றியாகும் காட்சியில் சில குழந்தைகள் பயப்படுவார்கள். பத்து, பதினொன்றுக்கு சோஃபி. பன்னிரண்டுக்கு மேல் எர்த்ஸீயின் முதல் இரண்டு நாவல்களும் அலானாவின் முதல் நூலும். அலானாவின் பிந்தைய நூல்களில் காதலும் உடலுறவும் பேசப்படுகின்றன, பதினான்கு வயதுக்கு மேல் கொடுக்கலாம். ‘மிஸ்ட்பார்ன்’ நாவலில் ரத்தம் அதிகம், அதற்கும் அதே வயது. ஆர்யாவின் கதை வரும் நாவல்கள் பெரியவர்களுக்கானவை. தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டுப் பதின்ம வயதுப் பிள்ளைகள் அவற்றைக் கேட்டால், நீங்கள் முதலில் படியுங்கள். எர்த்ஸீயை விரும்பியவர்கள் 1990-ல் வந்த நான்காவது நாவலையும் விடவேண்டாம். தெனார் அதில் நடுவயதுப் பெண், கணவனை இழந்தவள், கோண்ட் தீவில் ஊரார் அவளைக் கோஹா என்று அழைக்கிறார்கள்.